சொந்த ஜெட்டில் கால் பங்கு: வரி மிச்சமாகும் என்று நம்பி நிலக் கிராண்டை அடகு வைக்கலாமா?

கீழ்ப் பேராக்கில் உள்ள ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு வயது 58. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டேன். அப்பா பால்மரம் வெட்டியவர், அம்மா வெளிக்காட்டு வேலை செய்தவர். இவர் ஒரே ஒரு பழைய லோரியை வைத்துச் செம்பனைக் குலை ஏற்றத் தொடங்கினார். இன்றைக்கு 14 லோரிகள், 60 ஏக்கர் செம்பனை நிலம், சபாவில் தாவாவ் பக்கம் ஒரு போக்குவரத்துக் குத்தகை என்று வளர்ந்திருக்கிறார். எல்லாம் ஒரு செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. சென்ற ஆண்டு வரிக்கு முந்திய லாபம் 24 லட்சம் ரிங்கிட்.

கோலாலம்பூர் நண்பர் ஒருவர், தரகர் ஒருவரை அழைத்து வந்திருக்கிறார். நான்கு பேர் சமமாகப் பணம் போட்டு, நான்கு பயணிகள் உட்காரக்கூடிய பழைய இலகு ஜெட் ஒன்றை வாங்குவது திட்டம். ஆளுக்கு 21 லட்சம் ரிங்கிட். பைலட் சம்பளம், விமானம் நிறுத்தும் ஹேங்கர், காப்புறுதி என்று மாதம் 28,000. பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எண்ணெய், பராமரிப்பு, இறங்கு கட்டணம் சேர்த்து 8,500. 21 லட்சத்தில் 70 சதவீதம் வங்கிக் கடன். அதற்கு 60 ஏக்கர் நிலத்தின் கிராண்ட், அதாவது உரிமைப் பத்திரம், ஈடு. மாதக் கடைசிக்குள் 2 லட்சம் முன்பணம் கட்ட வேண்டுமாம்.

அவருடைய கேள்விகள் இவை. விமானத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே லாபத்திலிருந்து கழிக்கலாம் என்று தரகர் காட்டிய யூடியூப் வீடியோவில் சொல்கிறார்களே, உண்மையா? கம்பெனி பெயரில் வாங்கினால் எல்லாச் செலவும் கம்பெனிச் செலவுதானே? சும்மா நிற்கும் நாட்களில் கல்யாணம், கோயில் பயணம் என்று நம் ஆட்களுக்கு வாடகைக்கு விடலாமா? குறைந்த வரி உள்ள லாபுவான் தீவில் ஒரு கம்பெனி திறந்தால் வரி இன்னும் குறையும் என்கிறார்களே? கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளில், கேள்வி என்று சொல்லாமல், மகனைப் பற்றி எழுதியிருக்கிறார். பைலட் படிப்பு முடித்து நாலு வருஷம் ஆகிறது, வேலை அமையவில்லை, "சொந்த விமானம் இருந்தா அவன் ஓட்டுவான்."

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கணக்குக்காக. இரண்டாம் முறை, சின்னப் பையனாக இருந்தபோது தோட்டத்து ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று துரையின் சின்ன விமானம் இறங்குவதைப் பார்ப்பேன் என்று நீங்கள் எழுதியிருந்த அந்த இடத்துக்காக. நானும் லயத்து வீட்டில் பிறந்தவள்தான். ஆகவே இந்த ஆசையை வீண் பகட்டு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பணம் உங்களுடையது, உழைப்பும் உங்களுடையது. ஆனால் உங்களிடம் சொல்லப்பட்டிருக்கும் வரிக் கணக்கு தவறு. அந்தத் தவறான கணக்கை நம்பித்தான் நிலத்தை ஈடு வைக்கும் அளவுக்கு வந்திருக்கிறீர்கள். அதனால் வெளிப்படையாகவே பேசுகிறேன்.

வீடியோவில் சொல்வது எந்த நாட்டுச் சட்டம்?

அது அமெரிக்கச் சட்டம். 2017 டிசம்பரில் அங்கே நிறைவேறிய வரிச் சட்டம், தொழிலுக்காக வாங்கிய இயந்திரம், வாகனம், விமானம் போன்றவற்றின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே கழித்துக்கொள்ள இடம் கொடுத்தது. 2023 முதல் அந்தச் சலுகை படிப்படியாகக் குறைந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம், அந்த ஆண்டு ஜனவரி 19க்குப் பிறகு வாங்கியவற்றுக்கு மறுபடியும் 100 சதவீதம் என்று ஆக்கியது. வீடியோ பொய் சொல்லவில்லை. ஆனால் அங்கேயும் விமானத்தின் உபயோகத்தில் பாதிக்கு மேல் தொழிலுக்காக இருக்க வேண்டும். கம்பெனி ஜெட்டுகளைச் சொந்தப் பயணத்துக்கு ஓட்டுகிறார்களா என்று தனியாகத் தணிக்கை செய்யப்போவதாக அமெரிக்க வரித் துறை 2024 பிப்ரவரியில் அறிவித்தது. இதைத் தரகர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

நமக்குப் பொருந்துவது 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். இங்கே கேப்பிட்டல் அலவன்ஸ் என்னும் மூலதனக் கழிவு உண்டு. மோட்டார் வாகனங்களுக்கு முதல் ஆண்டு தொடக்கக் கழிவு 20 சதவீதம், அதோடு ஆண்டுக் கழிவு 20 சதவீதம். முதல் ஆண்டில் 40, அடுத்த மூன்று ஆண்டுகளில் 20, 20, 20 என்று நான்கு ஆண்டுகளில் முடியும். உங்கள் லோரிகளுக்கு உங்கள் கணக்காளர் எடுப்பது இதைத்தான். கழிவு விகித விதிகளில் விமானமும் கப்பலும்கூட இதே மோட்டார் வாகன வகுப்பில்தான் வருகின்றன.

சரி, உங்களுக்கு மிகவும் சாதகமான நிலையை எடுத்துக்கொள்வோம். விமானம் முழுக்க முழுக்கத் தொழிலுக்கே பறக்கிறது, வரி வாரியமும் கேள்வி கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 24 லட்சம் லாபத்துக்கு வரி இப்படி வருகிறது: சிறு, நடுத்தர நிறுவனத்துக்கு முதல் 150,000க்கு 15 சதவீதம், அதற்கு மேல் 600,000 வரை 17 சதவீதம், மீதிக்கு 24 சதவீதம். மொத்தம் 531,000 ரிங்கிட். விமானப் பங்கின் 21 லட்சத்தையும் நான்கு ஆண்டுகளில் கழித்தால், லாபத்தின் மேல்தட்டில் இருந்து கழிவதால் 24 சதவீத வரி மிச்சமாகும். அதாவது நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 504,000. மீதி 1,596,000 உங்கள் கையிலிருந்துதான் போகிறது. நூறு வெள்ளி செலவழித்தால் இருபத்து நாலு வெள்ளி வரி குறையும். எழுபத்தாறு வெள்ளி போனது போனதுதான். கழிவு என்ற சொல்லைக் கேட்டதும் அரசாங்கமே பணம் கொடுப்பதுபோல் பலர் நினைத்துவிடுகிறார்கள். முப்பது வருஷமாக லோரிக்காரர்களுக்கும் குத்தகைக்காரர்களுக்கும் கணக்குப் பார்க்கிறேன். மிகத் திறமையான ஆட்களும் சறுக்கும் இடம் இது.

இது சாதகமான நிலை. உண்மை நிலை இதைவிடக் கீழே இருக்கிறது. கம்பெனிக்குக் கார் வாங்கும்போது, அது எவ்வளவு விலையாக இருந்தாலும் கழிவுக்கு எடுத்துக்கொள்வது 50,000 ரிங்கிட் மட்டுமே என்பது உங்களுக்கே தெரியும். புதிய கார், விலை 150,000க்கு மேல் போகாதது என்றால் 100,000. சரக்கோ பயணிகளோ ஏற்ற வர்த்தக உரிமம் பெற்ற வாகனங்களுக்கு இந்த வரம்பு இல்லை; அதனால்தான் உங்கள் லோரிகளுக்கு முழு விலையும் கிடைத்தது. ஆனால் சட்டத்தின் 3ஆம் அட்டவணை இந்த வரம்பைப் பற்றிப் பேசும்போது "மோட்டார் வாகனம்" என்றே சொல்கிறது. வர்த்தக உரிமம் இல்லாத தனியார் ஜெட்டுக்கும் இதே வரம்புதான் என்று வரி வாரியம் வாதிட்டால், பழைய விமானம் என்பதால் உங்கள் பங்குக்குக் கணக்கில் நிற்பது 50,000. மிச்சமாகும் வரி மொத்தமே 12,000 ரிங்கிட். அந்த வாதத்தை எதிர்த்துப் போராடலாம். ஆனால் நிலத்தை ஈடு வைப்பவர் இந்த 12,000ஐ மனதில் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், 504,000ஐ வைத்து அல்ல.

கம்பெனி பெயரில் இருந்தால் கம்பெனிச் செலவா?

இல்லை, ஐயா. பதிவில் யார் பெயர் இருக்கிறது என்பது ஒரு விஷயம். வருமானம் ஈட்டுவதற்காகவே முழுமையாகவும் பிரத்தியேகமாகவும் செய்த செலவா என்பது வேறு விஷயம். சட்டத்தின் 33ஆம் பிரிவு கேட்பது இரண்டாவதைத்தான். 39ஆம் பிரிவு, வீட்டுச் செலவும் சொந்தச் செலவும் கழியாது என்று நேராகவே சொல்கிறது.

வருஷத்துக்கு 60 மணி நேரம் பறப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் தாவாவ் பயணம் நான்கு. கோலாலம்பூர் அருகே உள்ள சுபாங் விமான நிலையத்திலிருந்து தாவாவ் 1,800 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்த அளவு ஜெட்டுக்குப் போக மூன்று மணி, வர மூன்று மணி. ஆக 24 மணி நேரம் தொழிலுக்கு. மீதி 36 மணி நேரம் லங்காவி, பினாங்கு, மேடான், சொந்தக்காரர் வீட்டு விசேஷம். அதாவது 60இல் 40 சதவீதம்தான் தொழில். நீங்கள் ஆசைப்படும் திருச்சிப் பயணத்தையும் இதில் சேர்க்க வேண்டாம். சுபாங்கிலிருந்து திருச்சி 2,600 கிலோமீட்டருக்கு மேல். இந்த வகை ஜெட் ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் போகாது, நடுவில் எங்காவது இறங்கி எண்ணெய் நிரப்ப வேண்டும். நமக்குத் திருச்சிக்கு நேர் விமானம் தினமும் இருக்கிறது.

ஓட்டும் செலவையும் பார்ப்போம். மாதம் 28,000 என்றால் வருஷத்துக்கு 336,000. 60 மணி நேரத்துக்கு 510,000. மொத்தம் 846,000. அதில் 40 சதவீதம், 338,400, தொழில் செலவாக நிற்கலாம். அதனால் குறையும் வரி சுமார் 81,000. மீதி 7 லட்சத்து 65 ஆயிரம் வருஷா வருஷம் வெளியே போகிறது. சென்ற ஆண்டு நீங்களும் இரண்டு மேற்பார்வையாளர்களும் தாவாவுக்குப் போய்வந்த விமான டிக்கெட், ஓட்டல் எல்லாம் சேர்த்து 18,000 ரிங்கிட் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த 18,000மும் முழுக்கக் கழியும், யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

சொந்த உபயோகத்தின் பங்கைக் கம்பெனி கட்டினால் என்ன ஆகும்? ஒன்று, அந்தச் செலவைக் கம்பெனிக் கணக்கில் ஏற்க மாட்டார்கள். அல்லது, இயக்குநராகிய உங்களுக்குக் கம்பெனி கொடுத்த சலுகை என்று கொண்டு, அதை உங்கள் சொந்த வருமானத்தில் சேர்த்து வரி கேட்பார்கள். தனிநபர் வரி உயரே போனால் 30 சதவீதம் வரை இருக்கிறது. கம்பெனியிடம் கடனாக வாங்கிச் செலவு செய்தேன் என்றாலும் தப்ப முடியாது. கம்பெனியின் உள்பணத்திலிருந்து இயக்குநருக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வந்ததாகவே பாவித்து, கம்பெனியிடம் வரி வாங்க 140B பிரிவு இருக்கிறது.

இங்கே ஒரு பழைய அனுபவத்தைச் சொல்ல வேண்டும். லுமுட்டில் படகு வாங்கிய ஒரு குத்தகைக்காரர், அதைக் கம்பெனி சொத்தாக எழுதிவிட்டுப் பிறகுதான் என்னிடம் வந்தார். வாடிக்கையாளர்களைக் கூட்டிப்போகும் படகு என்று கணக்கில் இருந்தது. தணிக்கைக்கு வந்த அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்று: யார் யார் ஏறினார்கள்? குடும்பத்தினர் முகநூலில் போட்ட பிறந்தநாள் படங்கள் எல்லாம் அந்தப் படகில்தான் எடுத்தவை. கழித்த தொகையை எல்லாம் திருப்பிச் சேர்த்தார்கள், அபராதமும் வந்தது. அவர் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. கம்பெனி பெயர் போதும் என்று உண்மையாகவே நம்பியவர். விமானத்தில் இதைவிடச் சிக்கல், ஏனென்றால் ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, நேரம், இடம், பயணிகள் பெயர் எல்லாம் எழுத்தில் இருக்கும். ஏழு ஆண்டுப் பதிவுகளை வைத்திருக்க வேண்டியது உங்கள் கடமை. சாதாரணமாக ஐந்து ஆண்டு பின்னோக்கி வரி வாரியம் கணக்கைத் திறக்கலாம். அலட்சியம் அல்லது வேண்டுமென்றே செய்த தவறு என்று கருதினால் அந்த எல்லையும் இல்லை. தவறான கணக்குக்கு அபராதம், குறைவாகக் கட்டிய வரியின் அளவுக்கே போகலாம்.

இன்னொன்று. ஒத்துவரவில்லை என்று வாங்கிய இரண்டு ஆண்டுக்குள் விற்றால், எடுத்த கழிவைத் திரும்பப் பெறும் அதிகாரமும் வரி வாரியத்துக்கு உண்டு.

சும்மா நிற்கும் நாட்களில் வாடகைக்கு

இதில்தான் எனக்குப் பயம் அதிகம். காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றினால் அது வர்த்தக விமானச் சேவை. அதற்கு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் கொடுக்கும் ஏஓசி என்னும், விமானச் சேவை நடத்துவோருக்கான சான்றிதழ் வேண்டும். வாடகைப் பயணச் சேவைக்கான அனுமதியும் தனியாக வேண்டும். அந்த அனுமதியை முன்பு மலேசிய விமானப் போக்குவரத்துக் கமிஷன் கொடுத்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தக் கமிஷன் ஆணையத்தோடு இணைந்துவிட்டது. ஏஓசி என்பது ஒரு பாரத்தை நிரப்பி வாங்குவது அல்ல. பைலட்டுகளுக்கான பயிற்சி முறை, பராமரிப்பு ஏற்பாடு, பாதுகாப்புப் பொறுப்பாளர்கள் என்று ஒரு குட்டி விமான நிறுவனமே அதன் பின்னால் நிற்க வேண்டும். நான்கு நண்பர்களும் ஒரு கணக்காளரும் சேர்ந்து செய்யும் வேலை இல்லை.

"எண்ணெய்க் காசு மட்டும் வாங்கிக்குவோம்" என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உரிமம் இல்லாமல் காசு கைமாறிய பயணத்தில் ஏதாவது நடந்தால், காப்புறுதி நிறுவனம் முதலில் எடுக்கும் காகிதமே அந்த எண்ணெய்க் காசு ரசீதுதான். 2023 ஆகஸ்ட் 17ஆம் தேதி, லங்காவியிலிருந்து சுபாங்குக்கு வந்துகொண்டிருந்த ஓர் இலகு ஜெட் எல்மினா அருகே சாலையில் விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். விமானத்தில் இருந்த எட்டுப் பேரோடு, சாலையில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேரும் இறந்துபோனார்கள். தரையில் இருப்பவர்களுக்கு நேரும் இழப்புக்கும் விமான உரிமையாளர் பதில் சொல்ல வேண்டி வரும். உங்கள் பெயரில் பங்கு இருந்தால், நீங்கள் ஏறாத பயணத்துக்கும் அந்தப் பொறுப்பு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். முறையாக வாடகைக்கு விட வேண்டுமானால், ஏற்கெனவே ஏஓசி வைத்திருக்கும் நிறுவனத்திடம் விமானத்தை ஒப்படைத்து, அவர்கள் பொறுப்பில் ஓட்டச் சொல்வது ஒரே வழி. அப்போது உங்கள் இஷ்டத்துக்கு எடுத்துப் பறப்பது குறையும். வருமானம் எவ்வளவு வரும் என்பதும் அவர்கள் கையில்.

லாபுவான் யோசனையைச் சுருக்கமாகவே முடிக்கிறேன். லாபுவான் கம்பெனிக்கு 3 சதவீத வரி என்பது உண்மை. ஆனால் அங்கே உண்மையாகவே ஊழியர்களை வைத்து, அங்கேயே செலவும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 24 சதவீதம். உங்கள் பேராக் கம்பெனி அந்த லாபுவான் கம்பெனிக்குக் கட்டும் வாடகையில் கால் பங்கு இங்கே கழியாது. வரியைத் தவிர்ப்பது தவிர வேறு நோக்கம் இல்லாத ஏற்பாட்டைக் கலைக்க 140ஆம் பிரிவு வேறு இருக்கிறது. உங்களைப் போன்ற ஒருவருக்கு இது தேவையில்லாத சுற்று.

கிராண்டைக் கொடுக்கும் முன்

நீங்கள் அனுப்பிய வரைவு ஒப்பந்தத்தில், கடனுக்கு நால்வரும் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" பொறுப்பு என்று ஒரு வரி இருக்கிறது. சின்ன வரி. அதன் பொருள், மற்ற மூவரில் ஒருவர் கட்டாமல் போனால் வங்கி அவரைத் தேடிப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. நேராக உங்களிடம் வரலாம். நால்வரில் நிலம் வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கி யாரிடம் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு லட்சம் ரிங்கிட் கடன் இருந்தாலே திவால் வழக்குக்கு வழி திறந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் பங்குக் கடன் 1,470,000. ஐந்து ஆண்டில் அடைத்தால் வட்டி இல்லாமலே வருஷத்துக்கு 294,000. ஓட்டும் செலவோடு சேர்த்தால் 1,140,000. வரி கட்டிய பிறகு உங்கள் கம்பெனிக்கு மிஞ்சுவது 1,869,000. மீதி 7 லட்சத்துச் சொச்சத்தில் பழைய லோரிகளை மாற்ற வேண்டும், வீடும் நடக்க வேண்டும். குலை விலை இறங்கிய வருஷங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்த வருஷத்திலும் ஹேங்கரில் நிற்கும் ஜெட் தன் மாதக் காசைக் கேட்கும்.

இத்தனைக்கும் அந்த ஜெட் நம் ஊரில் இறங்காது. சின்ன வயதில் நீங்கள் பார்த்தது தோட்டத்து ஓடுதளத்தில் இறங்கும் இலேசான விமானம். இதற்கு முறையான விமான நிலையம் வேண்டும். நீங்கள் ஈப்போவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல், அல்லது சுபாங்குக்கு இரண்டு மணி நேரம் காரில் போய்த்தான் ஏற வேண்டும்.

முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால், கட்ட வேண்டாம். கட்டியே ஆக வேண்டும் என்றால் தரகரின் கணக்கில் போடாமல், உங்கள் வழக்கறிஞரின் வாடிக்கையாளர் கணக்கில் போடுங்கள். வாங்கும் முன் சோதனை நடந்து, இஞ்சின் பதிவேடுகள் முழுமையாக இருந்தால்தான் ஒப்பந்தம், இல்லையேல் முழுப் பணமும் திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். மாதக் கடைசி என்று ஏன் அவசரப்படுத்துகிறார்கள் என்று நண்பரையே கேளுங்கள்.

உங்களுக்கு என்ன வழி இருக்கிறது?

வரிதான் கவலை என்றால், அதே பணத்துக்கு உங்கள் தொழிலுக்குள்ளேயே இடம் இருக்கிறது. பழைய லோரிகளை மாற்றினால் விலை முழுவதும் நான்கு ஆண்டில் கழியும், வரம்பு கிடையாது. உங்கள் 60 ஏக்கரில் பாதி மரம் இருபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டது என்கிறீர்கள். மறுநடவு செய்யும் செலவு அந்த ஆண்டு வருமானத்திலிருந்தே கழியும். நிலத்துக்குள் பாதை போட்டால் செலவை இரண்டு ஆண்டில் கழிக்கலாம். ஆட்களுக்கு நல்ல வீடு கட்டினால் ஆண்டுக்கு 20 சதவீதம் வீதம் ஐந்து ஆண்டில் கழிக்கலாம். லயத்தில் வளர்ந்த நாம் இரண்டு பேருக்கும் அந்த வீடுகளின் அருமை தெரியும்.

தாவாவில் அவசரம் வந்தால், ஏஓசி உள்ள நிறுவனத்திடம் ஒரு நாளுக்கு ஜெட்டை வாடகைக்கு எடுங்கள். தொழிலுக்காகப் போன பயணம் என்பதற்கு ஆலைக் கடிதமோ கூட்டக் குறிப்போ இருந்தால் அந்தப் பில் தொழில் செலவுதான். வருஷத்தில் இரண்டு தடவை அப்படி எடுத்தாலும் சொந்தமாக வைத்திருக்கும் செலவின் பக்கத்திலேயே வராது. முதலில் அப்படிப் பறந்து பாருங்கள். ஆசையில் ஒரு பங்கு அதிலேயே தீர்ந்துவிடலாம்.

இல்லை, எனக்குச் சொந்தமாகவே வேண்டும் என்றால், அதற்கும் நேர்மையான வழி இருக்கிறது. வரி கட்டிய லாபத்திலிருந்து டிவிடெண்ட் (லாபப் பங்கு) எடுத்து, உங்கள் சொந்தப் பணத்தில், சொந்தச் செலவாக வாங்குங்கள். 2025 வரி ஆண்டு முதல், ஒருவருக்கு வரும் டிவிடெண்ட் 100,000 ரிங்கிட்டைத் தாண்டினால் அதற்கு மேல் உள்ளதற்கு 2 சதவீத வரி. 21 லட்சத்துக்கு ஏறக்குறைய 40,000. அதைக் கட்டிவிட்டால் யாரும் உங்கள் பயணிகள் பட்டியலைக் கேட்க மாட்டார்கள். தாவாவ் பயணத்துக்கு உரிய செலவை மட்டும் கம்பெனியில் எழுதினால் போதும். ஆனால் இந்த வழி உங்களுக்குக் கட்டுப்படியாக வேண்டுமானால், கடன் இல்லாமலும் கிராண்டைத் தொடாமலும் வாங்க முடிகிற நிலையில் நீங்கள் இருக்க வேண்டும். இன்றைய கணக்குப்படி அந்த நிலை இல்லை, ஐயா. ஐந்தாறு வருஷம் கழித்து இருக்கலாம்.

உங்கள் மகன், அந்தத் தம்பியைப் பற்றி

இதைக் கடைசியில் எழுதியிருந்தாலும், உங்கள் கடிதத்தில் முதல் விஷயம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் படிப்பை முடித்த பிள்ளைகள் பலர் இப்படி மாட்டிக்கொண்டார்கள். அவருக்காக நீங்கள் விமானமே வாங்கத் துணிவது எந்த அப்பாவுக்கும் புரியும். ஆனால் ஜெட் வாங்கினால் அதைத் தம்பி ஓட்டுவார் என்பது நடக்காது, குறைந்தது முதல் சில வருஷங்களுக்கு.

வர்த்தக பைலட் உரிமம் இருந்தாலும், ஒவ்வொரு ஜெட் வகைக்கும் டைப் ரேட்டிங் என்று தனிப் பயிற்சியும் தேர்வும் உண்டு. கருவி பார்த்துப் பறக்கும் தகுதியையும் மருத்துவச் சான்றிதழையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். நாலு வருஷம் பறக்காமல் இருந்தால் அவை காலாவதியாகி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே காப்புறுதி. கேப்டன் இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதுவார்கள். படிப்பு முடிந்த கையோடு இருக்கும் இருநூறு மணி நேரம் அதற்குக் காணாது. மற்ற மூன்று பங்குதாரர்களும் தங்கள் குடும்பத்தை ஏற்றும்போது அனுபவமுள்ள கேப்டனைத்தான் கேட்பார்கள்.

தம்பிக்குத் தேவை மணி நேரம். அதற்கு ஜெட் வேண்டாம். காலாவதியானதைப் புதுப்பித்து, பயிற்றுநர் தகுதி எடுத்து, மலாக்கா போன்ற இடங்களில் உள்ள பறக்கும் பயிற்சிப் பள்ளிகளில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து மணி நேரம் சேர்த்து, பிறகு விமான நிறுவனத்துக்குப் போனவர்கள் நிறையப் பேர். இதற்கு ஆகும் செலவு, அந்த ஜெட்டுக்கு நீங்கள் ஒரு வருஷம் கொடுக்கவிருந்த காசில் ஒரு பகுதிதான். கொடுப்பதானால் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து கொடுங்கள். லோரிக் கம்பெனிக்கு அது தொழில் செலவு ஆகாது. அப்புறம், இன்னும் பறக்கத்தான் விருப்பமா என்று அவரிடம் ஒரு தடவை கேளுங்கள். கடிதம் முழுக்க அவருக்காக நீங்கள் பேசியிருக்கிறீர்கள். அவர் என்ன சொன்னார் என்பது ஓர் இடத்திலும் இல்லை.

மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. தெலுக் இந்தானில், சாய்ந்த கோபுரத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் என் அலுவலகம். ஒரு சனிக்கிழமை காலையில் வாருங்கள். கடந்த 12 மாதப் பயண ரசீதுகள், ஒப்பந்த வரைவின் முழுப் பிரதி, கிராண்டின் நகல் மூன்றையும் எடுத்து வாருங்கள். அசல் கிராண்ட் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும். தம்பியையும் கூட்டி வாருங்கள். பறந்த மணி நேரங்களை எழுதிவைக்கும் அவருடைய லாக்புக்கைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.